விட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இந்த வாரம் வந்த கேள்விகளில் வட்டமானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறோம். மற்றவர்கள் பொறுத்தருளவும்.

பீட்சா பிரியர், வேளச்சேரி: 10 இஞ்ச் பீட்சா கேட்டேன். "அது தீர்ந்துபோச்சு சார், 7 இஞ்ச்ல ரெண்டு தர்றேன். மொத்தம் 14 இஞ்ச் ஆச்சு, உங்களுக்குத்தான் லாபம்" என்கிறார் கடைப் பையன். எனக்கா லாபம்?

பையன் நல்ல விற்பனையாளராக வருவார். கணக்கு வாத்தியார் வேலைக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம். வட்டங்களைச் சேர்க்கும்போது விட்டங்களைக் கூட்டக் கூடாது, விட்டத்தின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். பத்துப் பத்து 100. ஏழேழு 49, இரண்டு சேர்ந்து 98. நூறு கேட்டவருக்குத் தொண்ணூற்றெட்டு. சண்டை போடும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் காய்ந்த விளிம்பு இருக்கிறதே, அது சுற்றளவைச் சேர்ந்தது. சுற்றளவு விட்டத்தோடு நேராகக் கூடும். அதில் மட்டும் பையன் சொன்ன கணக்கு சரி: பத்துக்குப் பதில் பதினான்கு, அதாவது 40 சதவீதம் அதிக விளிம்பு. சீஸ் குறைந்து ரொட்டி கூடியிருக்கிறது.

இதே பையன் நாளை 12 இஞ்சுக்குப் பதிலாக இரண்டு 8 இஞ்ச் நீட்டினால் 144க்கு 128 என்று ஆகும். அப்போது தாராளமாகச் சண்டை போடலாம். வாங்குவதற்கு முன் விலைப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். 7 இஞ்ச் விலையைப் போல இரண்டு மடங்குக்குள் 10 இஞ்ச் கிடைத்தால் பெரியதே லாபம். அதைத் தின்று முடிக்க முடியுமா என்பது உங்கள் வயிற்றுக்கும் உங்களுக்கும் உள்ள பேச்சுவார்த்தை.

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா, மன்னார்குடி: விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பளவும் இரண்டு மடங்குதானே ஆக வேண்டும்? நான்கு என்கிறாள் மகள். பை என்கிறாள், 22/7 என்கிறாள், கேட்டாலே தலை சுற்றுகிறது.

மகள் சொல்வது சரி. ஆனால் அதை நிரூபிக்கப் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஒரு வட்டம் வரைந்து, அதை நான்கு பக்கமும் தொடும்படி ஒரு சதுரம் போடுங்கள். வட்டம் சின்னதோ பெரியதோ, அந்தச் சதுரத்தில் அது அடைத்துக்கொள்ளும் இடம் எப்போதும் 78.5 சதவீதம்தான். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் சதுரத்தின் பக்கம் இரண்டு மடங்காகும். பெரிய சதுரத்துக்குள் பழைய சதுரம் நான்கு உட்காரும். சதுரம் நான்கு மடங்கானால் அதில் நிரந்தரப் பங்குதாரரான வட்டமும் நான்கு மடங்கு ஆகித்தானே தீர வேண்டும்? மூன்று மடங்கு விட்டத்துக்கு ஒன்பது, பத்து மடங்குக்கு நூறு.

யூக்ளிட் தன் நூலின் 12ஆம் பகுதியில் இதை இரண்டாவது தேற்றமாக வைத்திருக்கிறார்: இரண்டு வட்டங்களின் விகிதம் அவற்றின் விட்டங்களின் மேல் அமைத்த சதுரங்களின் விகிதம். அந்தத் தேற்றத்தில் பை கிடையாது. ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் அது பொது, அடித்துவிடலாம். மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

சந்தா கட்டியும் ஜிம்முக்குப் போகாதவர், சேலம்: என் இடுப்பளவு 32லிருந்து 40 ஆகிவிட்டது. கால்வாசிதானே கூடியிருக்கிறது?

கால்வாசி கூடியது பெல்ட். 40ஐ 32ஆல் வகுத்தால் 1.25. அதன் வர்க்கம் 1.56. இடுப்பில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தால் (கற்பனையில்தான்) பரப்பு 56 சதவீதம் கூடியிருக்கும். "என் இடுப்பு வட்டமில்லையே" என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். எந்த வடிவமானாலும் ஒரே சீராகப் பெருத்தால் நீளத்தின் வர்க்கப்படிதான் பரப்பு கூடும். வட்டத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. தையல்காரர் 8 இஞ்ச் துணியோடு விட்டுவிடுவார். முழங்கால் முழுக் கணக்கையும் கேட்கும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர், நாமக்கல்: பில்லருக்கு இன்ஜினியர் 16 எம்.எம். கம்பி எழுதியிருக்கிறார். சரக்கு வரவில்லை என்று மேஸ்திரி ஒன்றுக்கு இரண்டாக 8 எம்.எம். போட்டுக் கட்டலாம் என்கிறார். எட்டும் எட்டும் பதினாறுதானே?

உடனே வேலையை நிறுத்துங்கள், பிறகு மீதியைப் படியுங்கள். கம்பியின் பலம் அதன் குறுக்கு வெட்டுப் பரப்பில் இருக்கிறது. 16ன் வர்க்கம் 256. 8ன் வர்க்கம் 64, இரண்டு சேர்ந்து 128. மேஸ்திரி உங்கள் பில்லருக்குப் பாதிக் கம்பிதான் போடப் பார்க்கிறார். ஒரு 16க்கு நான்கு 8 வேண்டும். அதையும் இன்ஜினியரைக் கேட்காமல் செய்யக் கூடாது, ஏனென்றால் கம்பிகளுக்கு நடுவே கான்கிரீட் இறங்க இடம் வேண்டும்.

சைட்டில் நிற்கிற எல்லாருக்கும் தெரிந்த ஒரு சூத்திரம் இருக்கிறது: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 8 எம்.எம். கம்பிக்கு 64 வகுத்தல் 162, சுமார் 395 கிராம். 16க்கு 1.58 கிலோ. 162 என்பது மந்திர எண் அல்ல. ஒரு கன மீட்டர் இரும்பு 7,850 கிலோ. அதோடு பையின் கால்வாசியைப் பெருக்கி, மில்லிமீட்டரை மீட்டராக்கினால் 162ல் ஒரு பங்கு வந்து நிற்கும். லாரியில் வந்த கம்பியில் ஒரு மீட்டர் வெட்டித் தராசில் போட்டுப் பாருங்கள். மேஸ்திரிக்கும் உங்களுக்கும் நடுவே அது பஞ்சாயத்து செய்துவிடும்.

தென்னந்தோப்புக்காரர், பல்லடம்: நாலரை இஞ்ச் போரில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆறரை இஞ்ச் போட்டால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல், தண்ணீரும் அப்படியே வரும் என்று ஏஜென்ட் சொல்கிறார். வர்க்கக் கணக்குப்படி சரியாகத்தானே இருக்கிறது?

ஏஜென்ட் பாதிக் கணக்கை மட்டும் படித்திருக்கிறார். துளையின் பரப்பு இரண்டு மடங்கைத் தாண்டுவது உண்மை. நாலரை இஞ்ச் துளையில் ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் 3.1 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆறரையில் 6.5 லிட்டர். நூறடிக்குத் தண்ணீர் நின்றால் 310 லிட்டருக்குப் பதில் 650 லிட்டர். தோண்டி எடுக்கும் பாறைத்தூளும் இரண்டு மடங்கு. ஆனால் அந்த 650 லிட்டரையும் மோட்டார் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடுமே, அதற்குப் பிறகு?

பிறகு வர வேண்டியது பாறை வெடிப்பில் ஊறி வரும் தண்ணீர். வெகு தூரத்திலிருந்து பாறை இடுக்குகளில் ஊர்ந்து வரும் அந்தத் தண்ணீருக்குக் கடைசி இரண்டு இஞ்ச் ஒரு பொருட்டே அல்ல. போரின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினாலே ஊற்று பத்து சதவீதம் அளவுக்குத்தான் கூடும் என்பது நிலத்தடி நீர்க்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. பெரிய போர் தேவைப்படுவது பெரிய மோட்டாரை இறக்க. வெடிப்பே வறண்டிருந்தால் பெரிய மோட்டார் எதை இறைக்கும்? வர்க்கக் கணக்கு செல்லுபடியாகாத இடமும் உண்டு. அங்கேதான் அதைச் சொல்லி வியாபாரம் செய்கிறார்கள்.

மாடியில் குளிப்பவர், திருநெல்வேலி: அரை இஞ்ச் பைப்பைக் கழற்றிவிட்டு ஒரு இஞ்ச் போட்டால் ஷவரில் எத்தனை மடங்கு தண்ணீர் வரும்?

பரப்பு நான்கு மடங்கு. தண்ணீர் அதற்கும் மேலே, அதே அழுத்தத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு போகும். காரணம், ஓடுகிற தண்ணீரைப் பிடித்து இழுப்பது பைப்பின் உட்சுவர். விட்டம் இரட்டித்தால் சுவர் இரண்டு மடங்குதான் கூடுகிறது, உள்ளே இடம் நான்கு மடங்கு. நடுவில் ஓடும் தண்ணீருக்குச் சுவர்த் தொல்லை குறைவு. இத்தனையும் செய்துவிட்டுக் கடைசியில் பழைய அரை இஞ்ச் திருகுக் குழாயையே மாட்டினீர்களானால் பழைய குளியல்தான்.

கவலையில் இருப்பவர், மதுரை: அப்பாவுக்கு ஆஞ்சியோகிராமில் 50 சதவீத அடைப்பு என்றார்கள். இன்னொரு பரிசோதனையில் அதே இடத்தில் 75 என்று எழுதியிருக்கிறது. ஒரு வாரத்தில் 25 சதவீதம் கூடிவிட்டதா?

கூடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆஞ்சியோகிராம் காட்டுவது ரத்தக் குழாயின் நிழலை. நிழலில் அகலம்தான் தெரியும், அதாவது விட்டம். பாதி அகலம் அடைபட்டால் 50 சதவீதம் என்பார்கள். குழாய்க்குள்ளேயே கருவியை அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் குறுக்கு வெட்டுப் பரப்பை அளக்கும். பாதி விட்டம் மிஞ்சினால் கால் பரப்புதான் மிஞ்சும். மீதி 75. இரண்டு அறிக்கைகளும் ஒரே அடைப்பைத்தான் சொல்கின்றன. விட்டத்தில் 70 என்றால் பரப்பில் 91.

பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840களில் நுண்குழாய்களில் திரவம் ஓடுவதை அளந்து, ஓட்டம் விட்டத்தின் நான்காம் படிப்படி கூடுகிறது என்று கண்டார். அந்தக் கணக்கில் பாதி விட்டத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு. ஆனால் உடம்பு வெறும் கண்ணாடிக் குழாய் அல்ல. அடைப்புக்கு அப்பால் உள்ள சிறு குழாய்களை விரித்து ஓரளவு சமாளித்துக்கொள்ளும். டாக்டரிடம் "இது விட்டத்திலா, பரப்பிலா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றதை அவர் முடிவு செய்யட்டும். அப்பா நலமாக இருப்பார்.

மொட்டை மாடி ரசிகர், காரைக்கால்: "சூப்பர் மூன்: நிலா 14 சதவீதம் பெரியது, 30 சதவீதம் பிரகாசம்" என்று ஒவ்வொரு முறையும் செய்தி வருகிறது. எது நிஜம்?

இரண்டும் நிஜம், இரண்டும் ஒன்றே. 14 என்பது விட்டம். 1.14ஐ 1.14ஆல் பெருக்கினால் 1.30. வட்டின் பரப்பு 30 சதவீதம் கூடுகிறது, ஒளியும் அந்த அளவு கூடுகிறது. செய்தியில் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. இந்த ஒப்பீடு மிகத் தொலைவில் இருக்கும் பௌர்ணமி நிலாவோடு. அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லாததால் நம் கண்ணுக்கு எல்லாப் பௌர்ணமியும் ஒன்றுதான்.

கிரகணத்தன்று சாப்பிட்டவர், ஈரோடு: 2019 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரில் கங்கணக் கிரகணம். சூரியனை நிலா 97 சதவீதம் மறைத்தும் இருட்டவே இல்லையே?

97 என்பது நிலாவின் விட்டம் சூரிய விட்டத்தில் எத்தனை பங்கு என்பது. மறைந்த பரப்பு அதன் வர்க்கம், 94 சதவீதம். பாக்கி 6 சதவீதம் சூரியன் வளையமாக நின்றது. ஈரோட்டைப் பகலாக வைத்திருக்க அதுவே தாராளம். சாப்பிட்டதில் தப்பில்லை.

கல்யாண போட்டோகிராபர், கும்பகோணம்: கேமராவில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் ஏன் இப்படிக் கன்னாபின்னாவென்று இருக்கின்றன?

ஒழுங்காகத்தான் இருக்கின்றன. லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருகிற எண் அது. ஒரு படி ஏறினால் வெளிச்சம் சரிபாதியாக வேண்டும். பரப்பு பாதியாக விட்டத்தை 1.4ஆல் வகுத்தால் போதும் (சரியாகச் சொன்னால் இரண்டின் வர்க்கமூலம்). அதனால் ஒவ்வொரு எண்ணும் முன்னதைப் போல 1.4 மடங்கு. 2லிருந்து 4க்குப் போனால் இரண்டு படி, வெளிச்சம் கால்வாசி. மணமகள் இருட்டில் இருந்தால் சின்ன எண்ணுக்குப் போங்கள்.

வானம் பார்ப்பவர், வாணியம்பாடி: பக்கத்துக் காவலூரில் இருக்கும் தொலைநோக்கி 2.34 மீட்டர்தான். இதற்கு இவ்வளவு பெருமையா?

தொலைநோக்கிக்காரர்கள் விட்டத்தைச் சொல்லித் தன்னடக்கம் காட்டுகிறார்கள். ஜவ்வாது மலையில் 1986ல் தொடங்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். இருட்டில் நன்றாக விரிந்த உங்கள் கண்மணி 7 மில்லிமீட்டர். விட்டத்தில் 334 மடங்கு. வர்க்கப்படுத்தினால் 1,11,000க்கு மேல். அத்தனை பேரின் கண் வெளிச்சத்தை ஒரே இடத்தில் சேர்க்கும் வேலையை அது செய்கிறது. அதே வளாகத்தில் உள்ள 1 மீட்டர் தொலைநோக்கியோடு ஒப்பிட்டால் ஐந்தரை மடங்கு.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் ஐரோப்பியர்கள் 39 மீட்டரில் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விட்டக் கணக்கில் காவலூரைப் போல 278 மடங்கு வெளிச்சம். நடுவில் உள்ள ஓட்டைக்குக் கழித்துக்கொண்டாலும் 200க்குக் குறையாது.

வாக்காளர், திண்டிவனம்: ஒரு கட்சி தன் வளர்ச்சியை இரண்டு வட்டங்களாகப் போஸ்டர் அடித்திருக்கிறது. போன தடவை சின்ன வட்டம், இந்தத் தடவை பூதாகாரமாக. வாக்கு இரண்டு மடங்கு என்றுதான் கீழே எழுதியிருக்கிறது.

ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். விட்டத்தை இரட்டித்திருப்பார்கள். எண் உண்மை பேசும், படம் நான்கு மடங்கு பேசும். இந்த மாதிரிக் கைவரிசைகளைப் பற்றி டாரல் ஹஃப் என்ற அமெரிக்கர் 1954லேயே ஒரு புத்தகம் போட்டார். படித்துத் திருந்தியவர்களைவிடப் படித்துக் கற்றுக்கொண்டவர்களே அதிகம் போலிருக்கிறது.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்: இதெல்லாம் நம் முன்னோர்க்குத் தெரியாதா என்ன?

நன்றாகத் தெரியும். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் வட்டத்தின் பரப்புக்கு வழி இருக்கிறது: அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கு. கி.பி. 499ல் ஆரியபட்டரும் அதையே சொன்னார். ஏன் சரி என்று பார்க்க, முதல் கேள்விக்காரரின் பீட்சாவை ஒல்லி ஒல்லித் துண்டுகளாக வெட்டி, ஒன்று மேலாக ஒன்று கீழாக மாற்றி மாற்றி அடுக்குங்கள். கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும். நீளம் பாதிச் சுற்றளவு, உயரம் பாதி விட்டம். விட்டம் இரட்டித்தால் நீளமும் இரட்டிக்கும், உயரமும் இரட்டிக்கும். நான்கு மடங்கு வராமல் என்ன செய்யும்?

எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் ஆமஸ் என்ற எழுத்தர் பிரதி எடுத்த பாப்பிரஸ் சுருளிலும் ஒரு வழி உண்டு: விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, மீதியை வர்க்கப்படுத்து. 9 முழ விட்டத்துக்கு 64 வரும், சரியான விடை 63.6. வட்டத்தை எதிர்கொண்ட எல்லா ஊர்க்காரர்களும் வர்க்கத்துக்கு வந்துதான் சேர்ந்திருக்கிறார்கள். யார் முதல் என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம்.

புதிர்ப் பைத்தியம், கோவை: வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை அடிக்கோலும் காம்பஸும் மட்டும் வைத்து வரைந்துவிட்டேன். பரிசு உண்டா?

அனுதாபம் உண்டு. அது முடியாத காரியம் என்பது 1882ல் லிண்டமன் என்ற ஜெர்மானியரின் நிரூபணத்தோடு உறுதியாகிவிட்டது. ஆனால் முடியாததற்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று காட்டியவர் நம் ராமானுஜன். 1913ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார், அப்போது அவருக்கு 25 வயது. பைக்கு 355/113 என்ற மதிப்பு வருகிற மாதிரி ஒரு வரைமுறை. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலாக இருந்தால் சதுரத்தின் பக்கத்தில் பிழை ஏறக்குறைய ஒரு இஞ்ச் என்று அவரே சொல்கிறார். அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 680 கிலோமீட்டர். உங்கள் படத்தில் பிழை எத்தனை இஞ்ச் என்று முதலில் பாருங்கள்.

அவசரக்காரர், திருச்சி: இவ்வளவும் படிக்க நேரமில்லை. என்ன ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

விற்கிறவர் விட்டத்தைச் சொல்வார், நீங்கள் வாங்குவது பரப்பை. பீட்சாவோ பைப்போ கம்பியோ, யார் இஞ்ச் என்றாலும் எம்.எம். என்றாலும் அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். பணப்பையைப் பிறகு திறக்கலாம்.